இடது பக்கத்துப் பாரம்

மற்ற தோணிகள் துறைக்குள் நிமிர்ந்துதான் வரும். ‘சலேத் மாதா’ மட்டும் இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வரும். தோணிப் பாய் தைக்கும் பட்டறையின் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், கித்தேரிக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

தொம்மை உயிரோடு இருந்தபோதும் அது அப்படித்தான் வந்தது. துறை நெருங்கினதும் மற்றவர்கள் பாயை இறக்க முன்னால் போய்விடுவார்கள். தொம்மை மட்டும் பின்பக்கம், இடது ஓரத்தில், பாய்க்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நல்ல கனமான ஆள். தோணி அவன் பக்கம் சாயும்.

“ஏ கித்தேரி, ஒன் வீட்டுக்காரரு வாராரு. தோணிக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கு பாரு” என்று பட்டறைப் பெண்கள் கேலி செய்வார்கள்.

அவளும் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, “ரெண்டு ஆள் சோத்தத் திங்கிற மனுசன். சாயாம என்ன செய்யும்?” என்பாள்.

தொம்மை செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தோணி இன்னும் சாய்ந்துதான் வருகிறது. அதற்குக் காரணம் ஏரா என்றார்கள்.

டீசலுக்குத் தடை வந்து, தூத்துக்குடியில் திரும்பவும் பாய்மரத் தோணிகள் சரக்கு ஏற்ற ஆரம்பித்த காலம் அது. பழைய தோணிகள் மாதிரி இல்லை இவை. சின்னது, லேசானது, ஐந்து பேர் போதும். அடிவயிற்றிலிருந்து தண்ணீருக்குள் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே இறங்குகிற ஒரு தகடு உண்டு. அதன் நுனியில் ஈயக் குண்டு. அதுதான் ஏரா. காற்று பக்கவாட்டில் தள்ளினால் தோணி வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்வதும் அது, சாய்ந்தால் நிமிர்த்துவதும் அது. இதில் புதுசு என்னவென்றால், இந்த ஏரா பழகும். தோணியில் பாரம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று ஓட்டத்துக்கு ஓட்டம் கவனித்து, குண்டைத் தானே நகர்த்தி வைத்துக்கொள்ளும்.

தொம்மை போன பிறகு ‘சலேத் மாதா’வின் ஏரா தன் குண்டை இடது பக்கமாகப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டது. பாரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு ஆள் கனம். இடத்தைப் பார்த்தால் தொம்மை உட்கார்ந்த இடம். துறை முழுக்க இந்தப் பேச்சுதான். “மனுசங்க மறந்துருவாங்க, அது மறக்கல பாத்தியா” என்றார்கள். தோணியைக் கரையேற்றிக் கழுவும் நாட்களில் அந்த ஈயக் குண்டைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்ட பெண்களும் உண்டு.

கித்தேரிக்கு அது ஒரு பொல்லாத ஆறுதல். தொம்மையைக் கொண்டுபோனதும் அதே ஏராதான். ஆழமாக இறங்குகிற எதுவும் கடலில் கிடக்கிற அறுந்த வலையை வாரிக்கொள்ளும். மாலத்தீவுக்குப் போகிற வழியில் அப்படி ஒரு நைலான் வலை மாட்டி, தோணி நடுக்கடலில் நின்றுவிட்டது. அறுத்துவிட்டு வருகிறேன் என்று கத்தியோடு இறங்கினான். வலையோடு சேர்த்துத்தான் அவனை மேலே எடுத்தார்கள்.

கொண்டுபோனதும் அதுதான், வைத்திருப்பதும் அதுதான். அதை வெறுப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் அவள் பாய் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் தண்டல் சந்தியாகு பட்டறைக்கு வந்தார். தோணிக்குத் தலைவர் அவர்தான், அவர் சொன்னால்தான் பாய் ஏறும், இறங்கும். அன்றைக்கு மனுஷர் வாசலிலேயே நின்றுகொண்டு செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கூடவே ஒரு பெண், தோளில் பை.

“கித்தேரி, இவங்க ஜெயசெல்வி. ஏரா கம்பெனியில இருந்து வந்திருக்காவ. மதுர.”

“வாங்க. உக்காருங்க. அந்தத் துணிய நகட்டிட்டு உக்காருங்க.”

ஜெயசெல்வி உட்கார்ந்தாள். நாற்பது வயசு இருக்கும். மிஷினில் கிடந்த பாயைத் தொட்டுப் பார்த்தாள். “நல்ல தையல்க்கா. ‘சலேத் மாதா’ பாயும் நீங்க தைச்சதுதானாமே?”

“ஆமா. எதுக்கு வந்திய, அதச் சொல்லுங்க.”

ஜெயசெல்வி தண்டலைப் பார்த்தாள். தண்டல் ஜன்னலைப் பார்த்தார்.

“போன மாசம் தோணியில மிக்கேலுக்குக் கை ஒடிஞ்சுதுல்ல, எப்படி ஒடிஞ்சுதுன்னு சொன்னாங்களா?”

“காத்துல தோணி படுத்துட்டுன்னாவ.”

“காத்து எல்லாத் தோணிக்கும்தான் அடிச்சிச்சு. இது மட்டும் ஏன் படுத்துச்சு?” அவள் தன் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினாள். “ஏரா இப்ப இப்படி நிக்குது. ஏற்கெனவே கைய இந்தப் பக்கம் நீட்டி வச்சிருக்கு. இடது பக்கக் காத்துன்னா பிரச்சினை இல்ல. வலது பக்கமிருந்து திடீர்னு அடிச்சா, குண்டு அந்தக் கோடிக்கு ஓடணும். ஓடி முடிக்கறதுக்குள்ள பாய் தண்ணியத் தொட்டுடும். அன்னைக்குத் தொட்டுடுச்சு.”

“அப்ப ஏரா ஆழத்தக் கொறச்சு வைங்க. குட்டையா, தோணி நீளத்துக்கு வச்சா அசையாதும்பாவல்லா?”

ஜெயசெல்விக்கு ஆச்சரியம். சிரித்துவிட்டாள். “சரியாத்தான் கேக்குறீங்க. குட்டையா வச்சா வலை மாட்டாது, நேராவும் போகும். ஆனா எதிர்க்காத்துல ஏற முடியாது, பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டே போகும். திருப்பினா திரும்பாது. மாலத்தீவுல இருந்து திரும்பி வரணும்ல?”

“வரணும்.”

“பாய் ஒரு பக்கம் இழுக்குது, ஏரா விடமாட்டேங்குது. அந்த இழுபறியிலதான் தோணி முன்னால போகுது. ஏராவுக்குப் புத்தி ஒரு பக்கமா நின்னுட்டா…” அவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். “அதுல பதிஞ்சத எல்லாம் அழிச்சிட்டு, புதுசாப் பழக விடணும்க்கா. அதுல உங்க வீட்டுக்காரர் பழக்கமும் இருக்கு. இறந்தவங்க பழக்கத்த அழிக்கணும்னா வீட்டுல சம்மதிக்கணும். இப்ப அப்படித்தான் சட்டம்.”

மிஷின் நின்றது.

“அழிக்கவா வந்திய?”

“கித்தேரி…” என்றார் தண்டல்.

“நீங்க பேசாதிய தண்டலண்ணே. அவியளப் பொதைக்கும்போது நீங்கதானே சொன்னிய, ‘தொம்மை எங்கயும் போவல, நம்ம தோணியிலதான் இருக்கான்’னு? இப்ப எறக்கி விடணும்னு வந்து நிக்கிய.”

ஜெயசெல்வி மெதுவாகச் சொன்னாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. அதுக்கு ஆளத் தெரியாது. பாரம்தான் தெரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அவியளப் பாத்திருக்கியளா?”

ஜெயசெல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். தண்டல் மட்டும் போகவில்லை. துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து பேசினார்.

“சீசன் தொடங்கப் போவுது. இப்படியே போனா ஒரு ஓட்டம், ரெண்டு ஓட்டம். அதுக்கு மேல தாங்காது. துறமுகத்துல உடவும் மாட்டாவ. அது கிடக்கட்டும். அன்னைக்குத் தோணி படுத்துச்சுல்லா, மிக்கேல் கயித்துல தொங்குதான், பாயி தண்ணிக்குள்ள போவுது. முன்னால நின்ன குருசு என்ன கத்துனாந் தெரியுமா? ‘ஏல தொம்மை, நகருல! நகந்து தொலையேம்ல!’ன்னு கத்துனான். எடது பக்கத்தப் பாத்துக் கத்துதான். அங்க ஆளே இல்ல.”

கித்தேரி துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள், “நகரலியா?”

“நகரல.”

“அவிய இருந்தா நகந்துருப்பாவ.”

தண்டல் தலையைக் குனிந்துகொண்டார்.

“குருசு வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே நகந்துருப்பாவ” என்றாள் அவள். சொல்லும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. நாலு பேர் சாகக் கிடக்கும்போது தொம்மை அசையாமல் உட்கார்ந்திருக்க மாட்டான். “அவங்கள உள்ள வரச் சொல்லுங்க. கைநாட்டு வைக்கேன். ஆனா அழிச்ச பொறவு மொத ஓட்டத்துல நானும் வருவேன். அவிய இல்லங்கத நா பாக்கணும்.”

வாடைக்காற்று சீராக இருந்த ஒரு காலையில் ‘சலேத் மாதா’ சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பியது. சரக்கு ஏற்றவில்லை. ஏராவின் புத்தியை முந்தின நாளே துடைத்து வெறுமையாக்கிவிட்டார்கள். கித்தேரியும் ஜெயசெல்வியும் பாய்மரத்தின் அடியில், பாரம் எந்தப் பக்கமும் இழுக்காதபடி, நட்டநடுவில் உட்கார்ந்தார்கள். ஜெயசெல்வியின் மடியில் ஒரு சின்னத் திரை. அதில் தோணியின் படம், அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

“அதான் குண்டு. நடுவுல நிக்குது பாருங்க.”

“அப்ப… இல்ல.”

“இல்லக்கா.”

கித்தேரி தலையாட்டினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

பாய் விரிந்தது. அவள் தைத்த பாய், காற்று வாங்கி உப்பி நின்றது. குருசு முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான். “மேடம், நீச்சல் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“மதுரயில எதுக்கு நீச்சல்? ஆத்துல நடந்தே போயிரலாமே!”

“ஏல, வாய மூடிட்டுக் கயித்தப் பாரு” என்றார் தண்டல். ஒடிந்த கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டிருந்த மிக்கேல்கூடச் சிரித்தான். வராதே என்று சொல்லியும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தத் துறை வழக்கம் அது. தோணியில் ஆளுக்கு ஒரு இடம். வேலைக்குச் சேரும்போது கிடைக்கிற இடம் கடைசிவரை அவனுக்குத்தான். வயசாகியோ வேறு பிழைப்புக்கோ போகிறவன் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, அடுத்தவனைப் பார்த்து “வா, உக்காரு” என்று சொல்ல வேண்டும். தொம்மைக்கு அப்படி இடம் கிடைத்த அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினது கித்தேரிக்கு ஞாபகம் வந்தது.

துறைக்கு வெளியே கிடந்த தீவைத் தாண்டினதும் காற்று கூடியது. தோணி ஒரு திருப்பம் திரும்பியது, இன்னொன்று திரும்பியது. ஜெயசெல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறுவதைக் கித்தேரி பார்த்தாள்.

“என்ன?”

சிவப்புப் புள்ளி நடுவில் இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி இடது பக்கமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. போய், ஒரு இடத்தில் நின்றது. தொம்மை உட்கார்ந்த இடம்.

“இருக்க முடியாதே” என்றாள் ஜெயசெல்வி. “உள்ள ஒண்ணுமே இல்லக்கா. நானே துடைச்சேன்.”

எட்டிப் பார்த்த குருசு கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டான். “வந்துட்டான்! தண்டலே, தொம்மை வந்துட்டாம்ல!”

தண்டல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மிக்கேல் “யேசுவே” என்றான். கித்தேரிக்கு அழுகையா சந்தோஷமா தெரியவில்லை. துடைத்தும் போகவில்லை. கூப்பிடாமலே திரும்பி வந்திருக்கிறான். அவள் திரையை விட்டுவிட்டு நேராக அந்த இடத்தைப் பார்த்தாள்.

ஒரு வருஷமாக அவள் தோணியைக் கரையில் இருந்துதான் பார்த்திருந்தாள். உள்ளே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பின்பக்கம் இடது ஓரத்தில், பலகையில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு வெற்றிடம். பக்கத்தில் ஒரு சாமான் கிடையாது. தண்ணீர்க் குடமும் கயிற்றுச் சுருளும் வலது பக்கத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. தொம்மைக்குப் பிறகு பாய்க்கயிற்றைப் பார்க்கிற பல்தசார், அந்த இடத்தில் உட்கார்ந்து பிடித்தால் சுலபமாக வருகிற கயிற்றை, வலது பக்கம் நின்றுகொண்டு குறுக்கே இழுத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒடிந்த கையோடு மிக்கேல் வலது ஓரத்தில் ஒடுங்கியிருந்தான். அந்தப் பலகையின் மேல் ஒரு கண்ணாடி டம்ளர், பாதியளவு கட்டஞ்சாயா. நகராமலிருக்க அடியில் ஈரத்துணி வைத்திருந்தார்கள்.

பாயில் ஒரு இடத்தைத் தைக்காமல் விட்டால், சுற்றியுள்ள துணியெல்லாம் அதைப் பார்த்துச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கைப்பழக்கம்.

“அங்க ஏன் யாரும் உக்காரல?”

பல்தசார் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“பல்தசாரு, ஒன்னயத்தான் கேக்கேன். கயிறு அந்தப் பக்கம் இருக்கு, நீ ஏன் இங்க நின்னு இழுக்க?”

“அது தொம்மண்ணன் எடங்க்கா” என்றான் பல்தசார், இது என்ன கேள்வி என்கிற மாதிரி. “அவரு எந்திரிச்சுக் குடுக்கலியே.”

“சாயா?”

“ஊத்தும்போது அஞ்சுதான் ஊத்துவோம்.”

குருசு தண்டலைப் பார்த்தான். தண்டல் கடலைப் பார்த்தார். குருசுவே சொன்னான். அவன் குரலில் கேலி இல்லை. “ஒங்ககிட்ட சொல்லல மைனி. வலைய அறுக்க எறங்கும்போது திரும்பிப் பாத்துச் சொன்னான், ‘என் எடத்துல எவனும் உக்காந்திராதிங்கல, இந்தா வந்துருதேன்’னு. சிரிச்சிட்டுதான் சொன்னான். எப்படி உக்காரது?”

ஜெயசெல்வி திரையைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“நான் கரையில வச்சேதான் எல்லாத்தையும் பாத்தேன்” என்றாள். “ஆள் யாரும் இல்லாதப்ப. ஓடும்போது யார் எங்க உக்காருறீங்கன்னு நான் கேக்கவே இல்ல. நீங்க நாலு பேரும் அஞ்சு பேர் இருக்குற மாதிரி உக்காந்திருக்கீங்க. அந்த ஓட்டைய அது பாரம் வச்சு அடைக்குது. போன வருஷமும் அதத்தான் செஞ்சிருக்கு. அதுக்கு அவரத் தெரியவே தெரியாதுக்கா.”

கழுவுகிற நாட்களில் அந்த ஈயக் குண்டைக் கட்டிக்கொண்டு கித்தேரி அழுதிருக்கிறாள். அந்த இரும்பும் ஈயமும் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தது இந்த நாலு பேர். பிடரி வலிக்க, தோள் வலிக்க, கை ஒடிந்த பிறகும், தோணி கவிழப்போகிற வரைக்கும் ஒரு சாண் நகராமல் வைத்திருந்தார்கள். அது தாங்கள் செய்கிற காரியம் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

“கூறுகெட்ட பயலுவளா” என்றாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள்.

எழுந்தாள். பாய்மரத்தைப் பிடித்து, தண்டலின் தோளைப் பிடித்து, பின்பக்கம் போனாள். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. பல்தசார் என்ன செய்வது என்று தெரியாமல் கயிற்றின் நுனியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பாயின் இழுப்பு கயிறு வழியாக வந்து தோளில் ஏறியது. அவள் தைத்ததுதான். அதற்கு இத்தனை பலம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. வருஷக்கணக்காகத் தொம்மையின் தோளில் இருந்த இழுப்பு இது. ராத்திரி எண்ணெய் தேய்த்து விடும்போது அவன் ஏன் அப்படி முனகுவான் என்பதும் புரிந்தது.

ஜெயசெல்வி திரையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புப் புள்ளி நடுவைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. கித்தேரி தொம்மையில் பாதிக் கனம்கூட இருக்க மாட்டாள். அதனால் அது பாதித் தூரம் வந்து நின்றது.

அப்படியே வெகுதூரம் போனார்கள். கரைக்குத் திரும்புகையில் கலங்கரை விளக்கம் தெரிய ஆரம்பித்தபோது கித்தேரி எழுந்து நின்றாள். கயிற்றை விடாமல், கால்களை அகட்டி ஊன்றி, எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள்.

“பல்தசாரு.”

“என்னக்கா?”

“வா, உக்காரு.”

அவன் பின்னால் நகர்ந்தான். “நானா? வேண்டாங்க்கா. அவருல்லா எந்திரிச்சுக் குடுக்கணும்…”

“அவிய எந்திரிக்க மாட்டாவ. அதான் நா எந்திரிக்கேன். வா.”

பல்தசார் தண்டலைப் பார்த்தான். தண்டலின் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தன. சுக்கானை விட முடியாததால் துடைக்கவும் முடியவில்லை. “ஏல, போ. சொல்லுதால்லா” என்றார்.

பல்தசார் வந்தான். பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தான்.

“நல்லா உக்காரு. மூலக்கடுப்பு வந்தவன் மாதிரி உக்காராத” என்றான் குருசு. சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பல்தசார் நன்றாக உட்கார்ந்தான். மிக்கேல் மெல்ல நகர்ந்து காலை நீட்டிக்கொண்டான். கித்தேரி கயிற்றைப் பல்தசாரின் கையில் கொடுத்தாள். அவளுடைய மற்றக் கையில் இன்னும் அந்த டம்ளர் இருந்தது. அதையும் நீட்டினாள்.

“இது எதுக்குக்கா?”

“குடி.”

“ஆறிப்போயிருக்கும்.”

“பரவால்ல, குடி” என்றாள் கித்தேரி. “இனும நாலுதான் ஊத்தணும்.”